டீச்சர் வாய் மூடியிருந்த பீரியட்

…ஒரு பல், அதுவும் கடைவாயில் கடைசியாக முளைத்து மென்று தின்னக்கூட உதவாத பல், அதைப் பிடுங்கியதற்கா இந்த வீக்கம், கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி எழும்பி நிற்கிறது, நல்லவேளை மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது, இல்லாவிட்டால் இந்த முப்பத்திரண்டு வாண்டுகளும் புத்தகத்தை மூடிவிட்டு என் கன்னத்தையல்லவா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடியே டீச்சர் மூன்றாவது பீரியடுக்கு இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தாள். உள்ளே மூன்று தையல். ‘ரெண்டு நாளைக்கு வாயை அதிகம் அசைக்காதீங்க’ என்று பல் டாக்டர் சொன்னதும் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கு முகத்தில் என்ன ஒரு பிரகாசம், ‘ரெண்டு வாரமாவே வெச்சுக்கலாமே டாக்டர்’ என்றாரே மனுஷன், வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளலாம் என்றால் வாயைத் திறந்தால் வலி, அது அவருக்கும் தெரிந்திருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வாயில்லாத டீச்சர் எப்படிப் பிழைப்பாள்… அதற்குத்தான் இன்றைக்கு வாசிப்பு. பிள்ளைகள் வாசிக்கட்டும், நான் சும்மா உட்கார்ந்து தலையாட்டினால் போதும், நாற்பது நிமிஷம் ஓடிவிடும். மேஜை மேல் வருகைப் பதிவேட்டை வைத்தாள். அதற்கடியில் அந்தப் படிவம் இருந்தது.

படிவத்தில் ஒரே ஒரு பெயர்தான். அடுத்த வருஷமும் இதே வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை என்று தலைப்பு, கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டிய கோடு, பீரியட் முடியும்போது ஹெச்.எம். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகிவிடும், நேற்றே போட்டிருக்கலாம், போடாமல் எதற்குத் தள்ளிக்கொண்டே வந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். காலையில் கேட்டருகே அந்தப் பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள், துணி தேய்க்கிற கடையில் வேலை, மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்றின் மேல் புதிதாக ஒன்று. ‘டீச்சர், இவளுக்கு நேர் இளையவ ஒண்ணாங்கிளாஸ்ல இருக்கா. அடுத்த வருஷம் அவ ரெண்டுக்கு வந்துடுவா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்தா, வீட்டுல எவளை நான் அக்கான்னு கூப்பிடச் சொல்றது?’ அழவில்லை, கெஞ்சவில்லை, கணக்குக் கேட்பது மாதிரிக் கேட்டாள், அதுதான் நெஞ்சில் நிற்கிறது. டீச்சர் மாஸ்க்கைத் தொட்டுக் காட்டிக் கையால் ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சைகை செய்தாள். பேச முடியாமல் போனது எத்தனை வசதி என்று அப்போது ஒரு நிமிஷம் தோன்றியதே, அது நல்ல எண்ணமா? நான் என்ன வேண்டுமென்றா செய்கிறேன். வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை, தூண் ஓரத்தில் கடைசியாக இருந்த ஒரே காலி இடத்தில் உட்கார்ந்தது, மற்றவர்கள் ஒரு பக்கம் முடிக்கும் நேரத்தில் அது ஒரு வரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்க்காது. ஸ்டாஃப் ரூமில் அதற்கு ‘குனிஞ்ச தலை’ என்றே பெயர் வைத்தாகிவிட்டது. அடித்தளம் ஆடினால் மாடி நிற்குமா, ஒரு வருஷம் கூட இருந்தால் அதற்குத்தான் நல்லது… நல்லதுதானே?

சரி, வாசிப்பு. நாற்பத்தொன்றாம் பக்கம் என்று விரலால் காட்டினாள், புதுப் பாடம், மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய ஒரு பூனையின் கதை. முதலில் ரேடியோ. ரேடியோ என்பது முதல் பெஞ்சில் இரண்டு சடையும் விரிந்த கண்ணுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பே வைத்த பெயர், பாடம் புதிதோ பழையதோ தண்ணீர் பட்ட பாடாக வாசிக்கும், வெளியாள் யார் வந்தாலும் ஹெச்.எம். அதைத்தான் எழுப்பி நிறுத்துவார்கள். ரேடியோ எழுந்தது. புத்தகத்தை உயர்த்திப் பிடித்தது. ‘மழை’ என்றது. படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அப்புறம் சத்தமில்லை. டீச்சர் தலையாட்டினாள், படி படி என்று. ரேடியோ அவளைப் பார்த்தது, மறுபடியும் ‘மழை’ என்றது. உடம்பு சரியில்லையோ? காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டதோ? உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவனை எழுப்பினாள், அவன் ‘பூனை’ என்றான், பூனையும் படத்தில் இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது… இன்றைக்கு என்ன வந்தது இதுகளுக்கு, யார் கண் பட்டது, நேற்று வரைக்கும் கிளி மாதிரி ஒப்பித்தவர்கள்தானே… எழுந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தது, உடனே கண்ணைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் தவித்தது. ஆறாவதாக எழுந்தவன் முழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ரேடியோவே உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டது, ‘டீச்சர், மாஸ்க்கை எடுங்க டீச்சர். உங்க வாய் தெரிஞ்சாத்தான் படிக்க வரும்.’

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. சிரிக்க வேண்டிய பேச்சுத்தானே அது, ஒருத்தராவது களுக்கென்று சிரித்திருக்க வேண்டாமா, எல்லாம் ‘ஆமா டீச்சர்’ என்பது போல் உட்கார்ந்திருந்தன. என் வாயில் என்னடி இருக்கிறது, புத்தகம் அல்லவா கையில் இருக்கிறது… மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினாள். வீங்கிய கன்னத்தைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ரேடியோ எழுந்தது, ‘மழை பெய்தது. பூனைக்கு ஒதுங்க இடமில்லை. அது ஓடி வந்து’ என்று கடகடவென்று கிளம்பிவிட்டது, அப்பாடா என்று இருந்தது டீச்சருக்கு, வாயைத் திறக்கவே இல்லை, ஆனாலும் உள்ளே தையல் சுருக்கென்று இழுத்தது. இழுத்தது. மறுபடி இழுத்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு இழுப்பு. நான்தான் பேசவில்லையே, பின்னே எதற்கு வலிக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தாள்… உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், ‘பள்ளிக்கூடத்தின்’ என்று, ரேடியோவுக்கு அரை மூச்சு முன்னால். சட்டென்று உதட்டை நிறுத்தினாள். ரேடியோ ‘பள்ளிக்கூட’ என்றதோடு நின்றது. குழாயைத் திருகி மூடியது போல் நின்றது. அவள் ‘வாசலில்’ என்று வாயசைத்தாள், வேண்டுமென்றே. ரேடியோ முகம் மலர்ந்து ‘வாசலில்’ என்றது.

அடிப்பாவி… யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம். வருஷத்துக்கு முப்பது என்றால் எத்தனை பிள்ளைகள் என்று மனம் பெருக்கப் போனது, வேண்டாம், பெருக்காதே. ‘என் முகத்தைப் பாருங்க’ என்பதுதானே என் வகுப்பின் முதல் சட்டம், கவனம் சிதறக் கூடாது என்றல்லவா சொல்லி வைத்தேன், இதுகளும் சொன்ன பேச்சைத் தட்டாமல் பார்த்திருக்கின்றன, கண்ணும் கருத்துமாகப் பார்த்து என் உதட்டையே ஒரு புத்தகமாக்கிப் படித்திருக்கின்றன, அதற்கு எத்தனை கெட்டிக்காரத்தனம் வேண்டும், அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியை எழுத்தின் பக்கம் திருப்பியிருந்தால்… மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்பூனை நீட்டும்போதெல்லாம் அவளுடைய வாயும் தானாக ‘ஆ’ என்று திறக்கும், வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார், ஊட்டுகிறவளுக்கே பசி போல என்று. அது போலத்தான் இதுவும் தானாக வந்திருக்கிறது. தானாகவா? இரண்டாம் வகுப்பில் அவளே நின்ற ஒரு காலை நேரம் நினைவுக்கு வந்தது, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த வாத்தியார், வாயில் வராத ஒரு வார்த்தை, யாரும் உதவாத அந்த அமைதி, காலோடு வழிந்து பெஞ்சுக்கடியில் ஓடிய ஈரம், ஓ என்ற சிரிப்பு. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அப்படித் தவித்து நிற்கக் கூடாது என்று அன்றைக்கே எங்கேயோ முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், நிற்கவும் விடவில்லை, விழும் முன்னே தாங்கித் தாங்கி… நடக்கவும் விடவில்லையே. மூன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், ‘அக்கா, உங்ககிட்ட நல்லா படிக்குதுங்க, எங்கிட்ட வந்ததும் ஊமையாயிடுதுங்களே’ என்று, ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்று மனசுக்குள் எத்தனை இளக்காரமாகச் சிரித்தேன். வெட்கமாக இருந்தது. முகமெல்லாம் சுட்டது, அது வீக்கத்தின் சூடு இல்லை.

மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். எந்தப் பாடத்திலும் இல்லாத, யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாத, படமும் இல்லாத ஒன்று வேண்டும். என்ன எழுதுவது? சாக்பீஸை எடுத்தவள் யோசிக்காமல் கரும்பலகையில் எழுதினாள்: நேற்று டீச்சருக்கு ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், கண் புருவம்கூடக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில். பின்னால் பெஞ்சுகள் நெளிகிற சத்தம். ரேடியோவின் குரல் முதலில் வந்தது, ‘நேற்று டீச்சர் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்!’ அப்பா, என்ன தைரியம், என்ன உச்சரிப்பு, பொய் என்று யாராவது சொல்வார்களா. இன்னொருவன் ‘நேற்று’ வரைக்கும் சரியாக வந்து நின்றான். வேறொருத்தி ‘ஒரு’ என்பதை மட்டும் கண்டுபிடித்துத் தந்தாள். அப்புறம் யாரும் இல்லை. படிவத்தில் ஒரு பெயர் எழுதினேனே, நியாயமாகப் பார்த்தால் எத்தனை பெயர் எழுத வேண்டும்… அப்போதுதான் தூண் ஓரத்திலிருந்து முனகலாக ஒரு குரல் கேட்டது. கூப்பிடாமலே. ‘நே… நேற்… நேற்று.’ டீச்சர் அசையவில்லை. ‘டீ… டீச்ச… டீச்சரு… டீச்சருக்கு.’ எத்தனை நேரம் எடுக்கிறது, கடவுளே, இந்த நேரத்தையல்லவா நான் இத்தனை நாளும் மக்கு என்று எழுதி வைத்தேன். ‘ஒரு. பல்… பல்லை… பல்லைப்.’ சொல்லிவிடேன், அடுத்தது பிடுங்கி, பிடுங்கி என்று தொண்டை துடித்தது, உதட்டைப் பல்லால் கடித்தாள், தையல் சுரீர் என்றது, கடித்துக்கொண்டே நின்றாள். ‘பி… பிடு… பிடுங்…’ அங்கே நின்றது. போச்சு, விட்டுவிட்டது, என்று இவள் கண்ணை மூடினாள். நாற்காலி நகர்ந்தது, யாரோ எழுந்து வருகிற காலடிச் சத்தம். திரும்பினாள். குனிஞ்ச தலை தூணைத் தாண்டி வந்து நின்று, ஒரு கையால் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘ஐயோ. வலிக்குதா டீச்சர்?’

மற்ற எல்லாரும் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த அறையில் எழுதியிருந்த சேதி எட்டியது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். ‘வலிக்குதும்மா, கொஞ்சம்’ என்றாள் டீச்சர், வாயைத் திறந்தால் வலிக்கும் என்பதே மறந்துபோய். அதன் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் இடத்துக்கே நடந்தாள், அந்தச் சின்ன நாற்காலியில் தானே ஒடுங்கி உட்கார்ந்து பார்த்தாள். பாதிக் கரும்பலகை தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. டீச்சர் மேஜையும் நாற்காலியும் தூணுக்குப் பின்னால் போய்விட்டன. இங்கிருந்து என் முகம் தெரியவே தெரியாது. நிமிர்ந்து பார், நிமிர்ந்து பார் என்றேனே, எதை என்று பார்க்கும், சிமெண்டையா? வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது புத்தகம் மட்டும்தான், வேறு வழியில்லாமல் அதையே படித்திருக்கிறது, தட்டுத் தடுமாறி, தன்னந்தனியாக, மற்றவர்கள் ஓடுகிற வேகத்தைக் கேட்டுப் பயந்துகொண்டே. நல்லவேளை அன்றைக்கு முதல் பெஞ்சில் இடமில்லை. நினைத்ததும் ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் அழுகை வந்தது, இரண்டையும் மாஸ்க் மறைத்தது.

ஹெச்.எம். வரும்போது பீரியட் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. ‘என்ன டீச்சர், கடைசி பெஞ்சுக்குப் போயிட்டீங்க? படிவத்தைக் குடுங்க. அப்படியே நம்ம ரேடியோவை ஒரு பாரா படிக்கச் சொல்லுங்க, காது குளிரக் கேட்டுட்டுப் போறேன்.’ ரேடியோ டீச்சரைப் பார்த்தது. மாஸ்க்கை ஒரு விரல் கீழே இறக்கினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது, பதினெட்டு வருஷப் பேரும் அப்படியே இருக்கும், அப்புறம் மெதுவாக, யாருக்கும் தெரியாமல் சரிசெய்துகொள்ளலாமே… விரல் மாஸ்க்கின் ஓரத்துக்குப் போய்விட்டது. போன விரலால் பேனாவை எடுத்தாள். படிவத்தில் இருந்த பெயரைக் குறுக்காக அடித்தாள், கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள். ‘தப்பா எழுதிட்டேன் மேடம். இந்தப் பிள்ளை படிக்குது. நிஜமாவே படிக்குது.’ ஹெச்.எம். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். ‘அப்ப உங்க கிளாஸ்ல நிறுத்தறதுக்கு யாரும் இல்ல?’ ‘இருக்காங்க மேடம். எழுதினா முப்பது பேருக்கு மேல எழுதணும். இல்லேன்னா ஒருத்தி பேரை மட்டும் எழுதணும், என் பேரை.’ ‘மரத்துப் போற ஊசி இன்னும் இறங்கலையா உங்களுக்கு?’ சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள், இவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்கள். தாழ்ந்த குரலில், வீங்கிய வாயால், பாதி வார்த்தை குழற, நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்பார்கள், குறையவில்லை, கூடத்தான் செய்தது, ஆனால் தூக்கிக்கொண்டு நிற்க முடிந்தது. ‘அடுத்த வருஷம் இவங்களோட நானும் மூணாங்கிளாசுக்கு வர்றேன் மேடம். நான் கெடுத்தது, நானே சரிபண்ணித் தர்றேன்.’

ஹெச்.எம். கரும்பலகையில் எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தார்கள். ‘இதைப் போய் யாராவது வாயால சொல்வாங்களா டீச்சர்’ என்றார்கள். திட்டா பாராட்டா என்று பிடிபடவில்லை. ‘மூணாங்கிளாஸ் டீச்சர்கிட்ட நீங்களே பேசிக்குங்க, அந்தச் சண்டைக்கு நான் வரல. மத்ததை யோசிச்சுச் சொல்றேன்.’ படிவத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். யோசித்து என்ன சொல்வார்கள்? நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் இது எப்படியெல்லாம் கை கால் முளைத்து நடமாடும்? ஒரு தாய் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள், அதை யாரும் மாற்ற முடியாது, முதலில் அந்தத் துணி தேய்க்கிற கடைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும், நேரில், சைகையால் இல்லை, வாயால்.

இன்னும் ஆறு நிமிஷம். டீச்சர் எழுந்து ரேடியோவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ‘அடுத்த பக்கத்தைத் திருப்பி நீ படிம்மா.’ ரேடியோ திரும்பியது, கண்ணில் நீர் கட்டியிருந்தது, இன்றைக்குத் தன் பெருமையெல்லாம் எங்கே போயிற்று என்று அதற்கு விளங்கவில்லை, பாவம், அதன் தப்பா இது. ‘என்னைப் பாக்காதே. புத்தகத்தைப் பாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நான் இங்கயே நிக்கிறேன்.’ ரேடியோ குனிந்தது. முதல் எழுத்தில் விரலை வைத்தது. ஒன்றும் வரவில்லை. அமைதி. அதே பழைய அமைதி, ஆனால் யார் கையிலும் கடிகாரம் இல்லை, யாரும் சிரிக்கவும் இல்லை, தூண் ஓரத்துப் பிள்ளைகூட எட்டிப் பார்த்துக் காத்திருந்தது. ‘ம…’ என்றது ரேடியோ. ‘மழை’ என்று சொல்ல வந்தது, படத்தை நினைத்துக்கொண்டு, அப்புறம் எழுத்தைப் பார்த்தது, அங்கே மழை இல்லை, ‘ம… ம…ர…’ சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே, பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் எதை எதையோ சொல்லிக்கொடுத்தார்களே, எப்படிப் பொறுத்துக்கொண்டு நிற்பது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லையே… ‘மர…ம். மரம். டீச்சர், மரம்!’ ரேடியோ கத்தியது, நம்ப முடியாமல், திரும்பிப் பார்க்காமலே. ஒரே ஒரு வார்த்தை. முப்பது பிள்ளைகள், பக்கத்துக்கு நூறு வார்த்தை. அவளுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் தையல் மறுபடியும் இழுத்தது, மாஸ்க்குக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், உதடு அடுத்த வார்த்தைக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.